ஒரே கையெழுத்தில் இரண்டு புகார்கள்

கேரள எல்லையில் காரோடு, செங்கவிளை, பொழியூர் பக்கம் கார் ஓட்டுகிற பெண்கள் யாரிடமாவது எங்கே ஓட்டப் படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் ஷியாமளாவின் பெயரைத்தான் சொல்வார்கள். நானும் அதில் ஒருத்தி. பாறசாலையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலை எனக்கு. முப்பத்தொன்பது வயதில்தான் முதன்முதலாக ஸ்டியரிங்கைத் தொட்டேன். முதல் நாளே நடுரோட்டில் வண்டி அணைந்துபோய், பின்னால் ஒரு பஸ்ஸும் இரண்டு லாரியும் சேர்ந்து ஹாரன் அடித்தன. பக்கத்தில் இருந்த ஷியாமளா கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, "அவங்களுக்க ஹாரன் நல்லா கேக்குதான்னு பாக்கிறாங்க. நீ சாவியத் திருப்பு மக்கா" என்றார். அவ்வளவுதான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

கற்றுக்கொடுக்கும்போது சத்தம் போடக்கூடாது என்று அவர் முடிவு செய்ததற்குக் காரணம் அவருடைய கணவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவர் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகில் டிஸ்க் விலகி மூன்று மாதம் படுத்த படுக்கை. எழுந்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. வண்டி முற்றத்தில் சும்மா நின்றது. மகள் ஆர்யா அப்போது ஏழாம் வகுப்பு. ஷியாமளா யாரிடமும் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, கணவரைப் பக்கத்து சீட்டில் தலையணை வைத்து உட்காரவைத்து, பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டிப் பழகினார். கணவர் வலியிலும் பயத்திலும் கத்திய கத்தலில் மைதானத்தில் பந்து விளையாடியவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு வருடம் அந்த டாக்சியை ஷியாமளாவே ஓட்டினார். பிரசவத்துக்கு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்கள் அவரையே கூப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளை பெற்று வந்தவர்களில் சிலர், "எனக்கும் படிச்சுத் தாங்க அக்கா" என்று கேட்டார்கள். அப்படித்தான் டிரைவிங் ஸ்கூல் தொடங்கியது. பெண்களுக்கு மட்டும். ஒரே ஒரு வெள்ளைக் கார், ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக். ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர் ஆனார்.

வண்டியில் கேமரா வந்தது போன வருடம். ஒரு மாணவி திருப்பத்தில் நிதானமாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தாள். எதிரே வேகமாக வந்த பைக் மணலில் வழுக்கி விழுந்தது. கூடிய கூட்டம் 'எல்' போர்டைப் பார்த்தது, உள்ளே இரண்டு பெண்களைப் பார்த்தது, யார் தவறு என்று உடனே முடிவு செய்துவிட்டது. அந்தப் பெண் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவேயில்லை. அடுத்த வாரமே ஷியாமளா களியக்காவிளையில் விபின் என்பவரின் கடையில் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் கேமரா வைத்துக்கொண்டார். வண்டி ஓடும்போது அது பதிவு செய்யும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். கடையில் சொன்ன மற்ற விவரங்களைக் காதில் வாங்கவில்லை. அன்றைக்கு வெளியே இரண்டு மாணவிகள் காத்திருந்தார்கள்.

இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. லைசன்ஸ் விண்ணப்பங்களை ஆன்லைனில் ஏற்றுவதற்காக ஊரம்பு ஜங்ஷனில் இருக்கும் அக்ஷயா இ-சேவை மையத்துக்கு ஷியாமளா போனார். வண்டியை ஆட்டோ ஸ்டாண்டை ஒட்டிய மதில் ஓரமாக நிறுத்தினார். நெட் மெதுவாக இருந்ததால் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், காரின் பின்பக்க இடது மூலை உள்ளே போயிருந்தது. டிக்கி மூடி வளைந்து, சிவப்பு விளக்கு நொறுங்கியிருந்தது. நொறுங்கிய துண்டுகளை யாரோ பொறுக்கி மதில் ஓரமாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த நேரம் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோகூட இல்லை. எதிர்க் கடைக்காரர் உள்ளே அரிசி எடை போட்டுக்கொண்டிருந்தாராம். ஏதோ சத்தம் கேட்டது, வெளியே வந்து பார்க்கவில்லை என்றார்.

ஷியாமளாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போன வாரம்தான் அதே இடத்தில் பொன்னப்பனோடு வாய்த்தகராறு நடந்திருந்தது. பொன்னப்பன் இருபத்தாறு வருடமாக அந்த ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். காலையிலும் மாலையிலும் செங்கவிளையில் இருந்து நான்கு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்க் கொண்டுவருவார். மற்ற நேரம் ஸ்டாண்ட். ஷியாமளாவின் கார் அந்த மதில் ஓரம் நின்றால் வரிசையில் முதல் ஆட்டோ வெளியே வரச் சிரமம். அதைத்தான் அவர் சொன்னார். சொன்ன விதம் மட்டும் காரமாக இருந்தது.

"டீச்சரே, ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டப் படிச்சுக் குடுக்கிய. எங்க நிறுத்தணும்னு உங்களுக்கு யாரு படிச்சுத் தருவா? ஒரு நாளு எவனாவது இடிச்சிட்டுப் போவான். அப்போ தெரியும்."

ஐந்தாறு பேர் முன்னால் சொன்ன வார்த்தை. இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். இப்போது உடைந்த விளக்கின் துண்டுகள் ஒழுங்காகக் குவித்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்ததும், அதுவும் தன்னைக் கேலி செய்யத்தான் என்று ஷியாமளாவுக்குப் பட்டது.

இன்சூரன்ஸுக்கும் போலீஸ் ரசீது வேண்டும். புகாரை எழுத்தில் கொடுக்கவேண்டும். ஷியாமளா பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். எங்கள் ஊரில் பலரையும்போல மலையாளம் தண்ணீர்மாதிரி பேசுவார். ஆபீஸ் மலையாளத்தில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். அதற்கு ஊரில் எல்லோரும் போகும் வீடு ஒன்று உண்டு. சிவானந்தம் சார் வீடு. வில்லேஜ் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. அவருடைய அப்பாவும் திருவிதாங்கூர் சர்க்காரில் குமாஸ்தா. நிலவரி, ரேஷன் கார்டு, பட்டா, பென்ஷன் என்று எதற்கு எழுதிக்கொடுத்தாலும் பணம் வாங்கமாட்டார். எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். நான் வேலை பார்க்கும் அலுவலகத்திலேயே அவருடைய கையெழுத்தைப் பார்த்தால் வக்கீல், "இதுக்கு டைப் வேண்டாம்" என்பார்.

மறுநாள் காலை ஷியாமளா அங்கே போனார். சிவானந்தம் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை எடுத்து மேஜையில் வைத்தார். அவருக்கு இரண்டு மாதம் முன்புதான் வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். மனைவி பிச்சம்மாள் காப்பி வைத்துவிட்டு உள்ளே போனார். நடந்ததை ஷியாமளா சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே வந்தார். நாள், நேரம், இடம், வண்டி எண்.

"இடிச்ச ஆளு யாருன்னு தெரியும் சார். ஸ்டாண்டில நிக்கிய பொன்னப்பனாக்கும்."

பேனா நின்றது.

"நீ பாத்தது உண்டா?"

"பாக்கல்ல. ஆனா போன வாரம் எல்லாருக்க முன்னையும் வச்சு சொன்னான், ஒரு நாளு இடிப்பான்னு."

"அது வாய்ப்பேச்சுல்லா மக்கா. பேரு வேண்டாம். அடையாளம் தெரியாத ஒரு வாகனம்னு போடுவோம். இன்சூரன்ஸுக்கு அது போதும்."

"போதாது சார். பேரு எழுதணும். இண்ணைக்கு எனக்க வண்டி, நாளைக்கு இன்னொருத்தருக்க வண்டி. எனக்கு இன்சூரன்ஸு இல்ல பெருசு."

"இன்னொருக்கா யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன். எழுதுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி இன்னொரு தடவை துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எழுதினார். சந்தேகப்படும் நபர் என்று போட்டு, பொன்னப்பனின் பெயரும் ஆட்டோ எண்ணும். ஷியாமளா கையெழுத்துப் போட்டார். வாசல்வரை வந்து வழியனுப்புவது அவருடைய வழக்கம். அன்றைக்கு அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கண் இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது என்று ஷியாமளா நினைத்துக்கொண்டார்.

ஸ்டேஷனில் ரைட்டர் ஜாய் புகாரை வாங்கிப் பார்த்தார். ஷியாமளாவைவிட இளையவர், நிதானமான மனிதர்.

"நல்ல எழுத்து. சிவானந்தம் சாரானோ எழுதியது?" என்று கேட்டுவிட்டு, "சேச்சிக்க வண்டியில கேமரா உண்டல்லோ, அதில ஒண்ணும் இல்லியா?" என்றார்.

"வண்டி ஓடும்போது மட்டும்தான் சார் அது பிடிக்கும். அப்போ வண்டி ஆஃப்."

அவர் ரசீது கொடுத்தார். பொன்னப்பனை விசாரிக்கிறோம் என்றார்.

விசாரித்தார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லி, எஸ்.ஐ. வெளியே போயிருந்ததால் இரண்டு மணி வரை பெஞ்சில் உட்காரவைத்து, மறுநாளும் வரச் சொன்னார்கள். பொன்னப்பன் தான் அந்த நேரம் பொழியூருக்கு ஒரு ஆளை இறக்கப் போயிருந்ததாகச் சொன்னார். அந்த ஆளின் பெயர் தெரியாது, போன் நம்பர் கிடையாது. ஆட்டோவைச் சுற்றிப் பார்த்தார்கள். பழைய வண்டி, பத்து இடத்தில் நசுங்கல். அதில் எது புதிது என்று யார் சொல்வது? எதிலும் முடிவில்லாமல் அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு அது போதுமாக இருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் அவரைப் பார்த்தவர் ஒருவர் வந்து சொல்ல, சனிக்கிழமைக்குள் செங்கவிளைவரை தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை அவர் போய் ஹாரன் அடித்தபோது நான்கு பிள்ளைகளில் இரண்டு பேர்தான் வந்தார்கள். மற்ற இரண்டு வீட்டிலும், இனி பஸ்ஸில் அனுப்பிக்கொள்கிறோம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை.

ஷியாமளாவும் இதைக் கேள்விப்பட்டார். "அப்போ எனக்கு வருத்தம் ஒண்ணும் தோணல்ல கேட்டியா. நல்லா வேணும்னுதான் நினைச்சேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புகார் கொடுத்த ஒன்பதாம் நாள் காலை கார் கிளம்பவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. மெக்கானிக் வந்து வேறொரு பேட்டரியைச் சேர்த்துக் கிளப்பிவிட்டு, பேட்டரியில் குறை இல்லை, வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டை இழுக்கிறது, கேமரா வைத்த இடத்தில் கேளுங்கள் என்றார். ஷியாமளா களியக்காவிளைக்கு ஓட்டினார்.

விபின் குனிந்து வயர்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, இது நிறுத்தி வச்சிருக்கும்போதும் முழிச்சுக்கிட்டேதான் இருக்கும். நேரே பேட்டரியில இருந்தாக்கும் கனெக்ஷன். அண்ணைக்கே சொன்னேன்லா? யாராவது இடிச்சா, அந்த அதிர்ச்சியில தானா பதிவு பண்ணி, தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சிரும். மத்ததெல்லாம் அழிஞ்சாலும் அது அழியாது."

ஷியாமளா சீட்டிலிருந்து இறங்கினார்.

"அந்த ஃபோல்டர் இப்போ பாக்க முடியுமா?"

விபின் கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டார். ஃபோல்டரில் மூன்று கோப்புகள் இருந்தன. ஒன்று வேகத்தடையில் குதித்தது. இன்னொன்றில் ஒரு மாணவி பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தாள். மூன்றாவது பின்பக்கக் கேமரா, செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபத்தாறு. ஐம்பது விநாடி.

அந்தப் பதிவை நானும் பின்னால் பார்த்தேன். ஒரு சாம்பல் நிறக் காரின் பின்பக்கம் படம் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறது, நம்பர் பிளேட் நேர் எதிரே. படம் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. பிறகு அந்தக் கார் மெதுவாக முன்னால் நகர்ந்து நிற்கிறது. கதவு திறந்து வேட்டி கட்டிய ஒருவர் இறங்கி வருகிறார். கேமராவுக்கு நேரே வந்து குனிந்து, உள்ளே போன இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். இரண்டு பக்கமும் பார்க்கிறார். பிறகு கீழே கிடக்கும் சிவப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மதில் பக்கம் கொண்டுபோய் வைக்கிறார். திரும்பி வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை குனிந்து பார்க்கிறார். அத்தோடு படம் நின்றுவிடுகிறது.

"ஆள அறியுமா அக்கா?" என்று விபின் கேட்டார்.

"அறியும்" என்றார் ஷியாமளா. "எனக்கு இத போன்ல ஏத்தித் தா."

அன்றைக்கு இருந்த மூன்று வகுப்புகளையும் அவர் ரத்து செய்தார். வீட்டுக்கு வந்து கணவரிடம் காட்டினார். அவர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "சாரா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, இதை ஊரறியச் செய்ய வேண்டாம், வயதானவர், நேரில் சொல்லி வண்டியைச் சரிபண்ணித் தரச் சொல்வோம், புகாரைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றார். ஷியாமளாவுக்கும் முதலில் அது சரியாகத்தான் பட்டது. சோறு பரிமாறும்போது, "வாங்கிட்டா பொன்னப்பனுக்கு என்ன கிடைக்கும்? டீச்சர் பாவம்னு விட்டுட்டாங்கன்னு சொல்லுவாங்க. இடிச்சது அவன்தான்னு இருக்கும்லா" என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சிவானந்தம் சார் வீட்டுக்குப் போனார். அவர் பத்திரிகையை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"வா மக்கா. இன்சூரன்ஸ்காரங்க வந்தாங்களா?"

"இல்ல சார். இன்னொரு பெட்டிசன் எழுதணும்."

போனை எடுத்து மேஜைமேல் வைத்து, படத்தை ஓடவிட்டார். சிவானந்தம் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். தன் காரைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஐம்பது விநாடியையும் முழுதாகப் பார்த்தார். முடிந்ததும் போனை மெல்ல ஷியாமளாவின் பக்கம் தள்ளினார்.

"மவன் மகேஷு வந்திருக்கும்போது சாவிய வாங்கி அம்மைட்ட குடுத்திட்டுப் போனான். கண்ணுக்கு டாக்டர் சரின்னு சொல்லாம வண்டிய தொடக்கூடாதுன்னான். நான் எடுத்தேன். இவ குளிக்கப் போன நேரத்தில. மாவு திரிக்கப் போனேன், அவ்வளவுதான். ரிவர்ஸ் எடுக்கும்போது இந்தப் பக்கம் எனக்கு வெள்ளையா தெரிஞ்சுது. மதிலுன்னு நினைச்சேன். மதிலுக்கு இன்னும் தூரம் உண்டுன்னு நினைச்சேன்."

"அண்ணைக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"வந்து சொல்லணும்னு சாயங்காலம் சட்டையெல்லாம் போட்டேன். மகேஷு அறிஞ்சா வண்டிய வித்துருவான். நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். காலம்பற நீயே வந்து நின்ன." கொஞ்சம் நிறுத்தி, "பேரு எழுத வேண்டாம்னு நான் சொன்னேன்லா?" என்றார்.

"சொன்னிய. அது எனக்க தப்பு, நான்தான் எழுதணும்னு நின்னேன். ஆனா நீங்க எழுதவும் செய்தியளே சார். தெரிஞ்சிட்டே."

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றிருந்தது. பிச்சம்மாள் கதவருகே வந்து நின்று எவ்வளவு நேரம் ஆகியிருந்ததோ தெரியாது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, மேஜை டிராயரைத் திறந்து, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து கணவர் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க" என்றார். "அந்த மனுஷன் ரெண்டு நாளு ஸ்டேஷன் பெஞ்சில இருந்ததாக்கும்."

"நானே எழுதினா எப்படிம்மா? கையெழுத்து ஒண்ணுபோல இருக்கும். அங்க அவங்களுக்கு மனசிலாவும்."

"ஆவட்டே."

அவர் எழுதினார். ஷியாமளா ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மேற்படி புகாரில் பெயர் சொல்லப்பட்ட பொன்னப்பனுக்கும் சம்பவத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நேரில் காணாமல், சந்தேகத்தின்பேரில் மட்டும் அந்தப் பெயர் எழுதப்பட்டது. வாகனத்தில் பொருத்திய கேமராவின் பதிவு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அந்தப் பதிவில் காணும் வாகனத்தை ஓட்டியவர்... அங்கே வந்ததும் கை ஒரு கணம் நின்றது. பிறகு தன் பெயர், அப்பா பெயர், வீட்டுப் பெயர், வயது, வார்டு எண், காரின் எண் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதினார். எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த அதே வரிசையில். ஷியாமளா கையெழுத்திட்டார். அவர் இன்னொரு தாளை எடுத்து, தன் தரப்பு வாக்குமூலமாக அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டார்.

"நானும் வாறேன்" என்றார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, 'எல்' போர்டு வைத்த அந்தக் காரின் பக்கத்து சீட்டில் ஏறினார். போகும் வழியில் பின்பக்க விளக்கு இல்லாத வண்டியை இப்படி ஓட்டலாமா என்று ஒரு தடவை கேட்டார். ஷியாமளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை.

ரைட்டர் ஜாய் இரண்டு தாள்களையும் பழைய புகாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தலை நிமிர்ந்து சிவானந்தம் சாரைப் பார்த்தார். பழையதை எழுதும்போது உங்களுக்குத் தெரியுமா என்று அவர் கேட்கவேண்டியிருக்கவில்லை.

"தெரியும்" என்று சிவானந்தம் சாரே சொன்னார். "எஸ்.ஐ.ட்ட அதையும் சொல்லணும்."

எஸ்.ஐ. அறையில் அவர் இருபது நிமிடம் இருந்தார். வெளியே ஜாய் ஷியாமளாவுக்கு நடைமுறையை விளக்கினார். போனில் இருப்பது போதாது. கேமரா கார்டில் இருந்து நேரடியாக எடுத்த நகலை பென் டிரைவில் கொடுக்கவேண்டும். அது இந்தக் கேமராவில் பதிவானது, தான் எதையும் வெட்டவோ சேர்க்கவோ இல்லை என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அசல் கார்டை இனி வண்டியில் போடக்கூடாது. உறையில் இட்டு வீட்டில் வைக்கவேண்டும், தேவைப்பட்டால் கேட்போம். வண்டிக்கு வேறு கார்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சான்றிதழை டைப் அடித்தது நான்தான். ஷியாமளாவோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான்.

வண்டியைச் சரிசெய்து தருவதாக சிவானந்தம் சார் எழுதிக்கொடுத்தார். டாக்டர் அனுமதிக்கும்வரை ஓட்டக்கூடாது என்று எஸ்.ஐ. எச்சரித்து அனுப்பினார். பொன்னப்பன்மேல் எதுவும் இல்லை என்று எழுதி முடித்து, அவரையும் வரவழைத்துச் சொன்னார்கள். ஸ்டேஷனைப் பொறுத்தவரை அவ்வளவுதான்.

அன்று மாலை நான்கரை மணிக்கு ஷியாமளா ஸ்டாண்டுக்குப் போனார். ஏழு ஆட்டோ நின்றது. பொன்னப்பன் தன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்.

"பொன்னப்பண்ணே, எனக்குத் தப்புப் பற்றிப்போச்சு. பாக்காம நான் உங்க பேரச் சொன்னேன். நீங்க இல்லன்னு இப்போ தெளிவாச்சு" என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்.

பொன்னப்பன் இறங்கவில்லை.

"இங்க சொல்லி என்ன டீச்சரே? இவனுங்களுக்கு நான் யாருன்னு தெரியும். எனக்க வண்டியில வந்த ரெண்டு பிள்ளைய இப்போ பஸ்ஸில போவுது. அந்த வீட்டில போய்ச் சொல்லுங்க."

ஷியாமளா செங்கவிளைக்குப் போனார். முதல் வீட்டில் அந்தப் பிள்ளையின் அப்பா, "அப்போ யாராக்கும் இடிச்சது?" என்று ஆர்வமாகக் கேட்டார். "அது ஸ்டேஷனில எழுதி முடிச்சாச்சு. பொன்னப்பண்ணன் இல்ல. அது சொல்லத்தான் வந்தேன்" என்றார் ஷியாமளா. அவர் எவ்வளவு கேட்டும் பெயரைச் சொல்லவில்லை, போனையும் எடுத்துக் காட்டவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை அடுத்த திங்கட்கிழமை ஆட்டோவில் ஏறியது. இரண்டாவது வீட்டில் கேட்டுக்கொண்டார்கள், தேநீர் கொடுத்தார்கள், ஆனால் பஸ்ஸுக்கு மாதப் பாஸ் எடுத்துவிட்டோம் என்றார்கள். ஷியாமளா ஒரு மாதம் கழித்து மறுபடியும் போனார். அந்தப் பிள்ளை இன்றும் பஸ்ஸில்தான் போகிறது.

யார் இடித்தது என்பது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. நான்கைந்து வாரம் சிவானந்தம் சார் வீட்டுக்கு யாரும் தாளோடு வரவில்லை. பிறகு பென்ஷன் விஷயமாக ஒருவர் வந்தார், அதன்பின் மற்றவர்களும் வந்தார்கள். இப்போது அவர் எழுதும் முன் வந்தவரிடம், "நீ கண்ணால கண்டதை மட்டும் சொல்லு" என்கிறாராம். மகன் மகேஷ்குமார் பெங்களூரிலிருந்து வந்து காரை விற்றுவிடலாம் என்றான். பிச்சம்மாள் விடவில்லை. "உங்க அப்பா ஓட்டாட்டா என்ன, நான் ஓட்டுறேன்" என்று சொல்லி, அறுபத்துமூன்று வயதில் டாக்டர் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு ஷியாமளாவிடம் வந்து சேர்ந்தார். என் பேட்சில்தான். கிளட்சை மிதித்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்ப்பதில் என்னைவிட அவர் கெட்டி. இரண்டாவது டெஸ்டில் பாஸாகிவிட்டார்.

பொன்னப்பன் ஷியாமளாவிடம் முகம் கொடுத்துப் பேசாமலே இருந்தார். ஷியாமளாவும் அதற்குப் பிறகு அந்த மதில் ஓரத்தில் வண்டி நிறுத்துவதில்லை. நூறு அடி தள்ளி, ரேஷன் கடைக்கு எதிரே நிறுத்திவிட்டு நடந்து வருவார். எதிரில் பார்த்தால் இவர் தலையசைப்பார், அவர் வேறு பக்கம் பார்ப்பார்.

ஜூன் மாதம், பள்ளி திறந்து ஒரு வாரம். நான் ஸ்டியரிங்கில் இருந்தேன். ரேஷன் கடை எதிரே ஷியாமளா என்னை ஓரமாக நிறுத்தச் சொன்னார். பொன்னப்பனின் ஆட்டோ எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. அவர் இறங்கி வந்து, ஷியாமளா இருந்த பக்கத்து ஜன்னலில் குனிந்தார். புதிதாக மாட்டிய பின்விளக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

"அந்தக் கேமரா எந்தக் கடையில வச்சிய?"

"களியக்காவிளையில. எதுக்கு அண்ணே?"

"எனக்க வண்டியில ஒண்ணு வைக்கணும். ஆட்டோக்கு பற்றுமா அது?"

"பற்றும்னு நினைக்கிறேன். விபின்ட்ட கேக்கணும்."

"செரி." அவர் நிமிர்ந்து ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். "அடுத்த தடவ உங்களுக்க வாயை நம்பி நிக்க முடியாதுல்லா டீச்சரே."

ஷியாமளாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கைப்பையில் இருந்து ஒரு சீட்டை எடுத்து, விபினின் நம்பரை எழுதிக் கொடுத்தார். வண்டி நிற்கும்போதும் அது பதிவு செய்யும், பேட்டரியை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார். பொன்னப்பன் சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த சனிக்கிழமை களியக்காவிளைக்கு ஷியாமளாவும் வந்திருந்தாராம். வயர் இழுத்து முடியும்வரை இரண்டு மணி நேரம், கடை வாசலில் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள் என்று விபின் சொன்னார். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். மழை எப்போது விடும் என்பதைத் தவிர வேறெதுவும் தன் காதில் விழவில்லை என்றார்.